மூன்று நாள் டப்பா

எனக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்ததும் ஆஸ்பத்திரியில் ஒரு டீ பார்ட்டி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். லேபில் புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பெண்கள் கையில் கேக்குத் தட்டுடன் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "அண்ணே, நீங்க சேந்த புதுசுல லேப்ல என்ன வேலை பாத்தீங்க? சொல்லுங்களேன்" என்றார்கள். கேக்கைப் பார்த்தேன். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். "அப்புறம் சொல்றேம்மா" என்று நழுவிவிட்டேன்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முன்னால் அந்த வேலையைப் பற்றிப் பேசவே முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் எழுதுவது மட்டும் கையை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். சாப்பிட்டு முடித்தபிறகு படிப்பது நல்லது.

நான் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அதற்கு முன் திருவண்ணாமலையிலேயே ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பருவம் முடிந்தால் மில்லை மூடிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் லேப் அட்டெண்டர் வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். டாக்டர் ஞானமுத்து மட்டும் உட்கார்ந்திருந்தார். வயிறு, குடல் நோய்களைப் பார்ப்பவர். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும்.

"உங்களுக்கு எதைப் பாத்தா குமட்டும்?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். "நாலு பேர் முன்னாடி பேசச் சொன்னா குமட்டும் சார்."

அவர் சிரித்த சிரிப்பில் கிராம்பு மேசைமேல் விழுந்தது. "அப்ப இந்த வேலை உங்களுக்குத்தான்" என்றார்.

என்ன வேலை என்பது மறுநாள்தான் தெரிந்தது. நாம் சாப்பிடுகிற சாப்பாட்டில் எவ்வளவு உடம்புக்குள் போகிறது என்று தெரிய வேண்டுமானால், உள்ளே போகாமல் வெளியே வந்துவிட்டது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு வெளியே வந்ததை யாராவது வாங்கி வர வேண்டும். அந்த யாராவது நான்தான். வார்டில் இருக்கிறவர்களிடமும் வாங்குவேன், ஊருக்குப் போய்விட்டவர்களிடம் பஸ் ஏறிப் போயும் வாங்கி வருவேன். எடை போடுவது, பேர் ஒட்டுவது, ஐஸ் பெட்டியில் வைப்பது, டப்பா கழுவுவது எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. வாய் திறந்து கேட்பதுதான் பழகவில்லை. டப்பாவை நீட்டுவேன், கீழே பார்ப்பேன். அவர்களும் வாங்கிக்கொண்டு கீழே பார்ப்பார்கள். வேலை நடந்துவிடும்.

டாக்டர் டப்பாவைப் பார்க்கிற விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மரியாதையாக இருக்கிறது. முதலில் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிடுவார். கைக்குட்டையை நான்காக மடித்துப் பக்கத்தில் வைப்பார். மூடியை ஒரே விரலால், தன் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்குவார். இன்னொரு கையால் காற்றை மெல்ல மூக்குப் பக்கம் தள்ளுவார். கோயிலில் கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். பிறகு நாலு வார்த்தை சொல்வார். "வெளுப்பு. நுரை. மிதக்குது. நெய் நாத்தம்." அதற்குப் பிறகுதான் மைக்ராஸ்கோப், ரசாயனம் எல்லாம். முகம் சுளித்து ஒரு நாளும் பார்த்ததில்லை. யாராவது சுளித்தால், "இது ஒரு மனுஷன் நம்மகிட்ட நம்பிக் குடுத்த பொருள்" என்பார்.

டாக்டருடைய மேசை டிராயரில் இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்று புது டர்க்கி டவல், கம்பளி மாதிரி புசுபுசுவென்று நூல் நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்றும் டர்க்கி டவல்தான், ஆனால் பல வருஷம் துவைத்துத் துவைத்து நூலெல்லாம் போய் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. நோயாளிகளுக்கு விளக்கும்போது மேசையில் தண்ணீரைக் கொட்டி இரண்டாலும் துடைத்துக் காட்டுவார்.

"நல்ல குடல் உள்பக்கம் இந்தப் புதுத் துண்டு மாதிரி. கோடி கோடியா நூல் நீட்டிக்கினு இருக்கும். சாப்பாட்டுல இருக்கற சத்த அதுதான் உறிஞ்சும். சில பேருக்கு என்னமோ ஒரு கிருமி சேந்து, நூலெல்லாம் மழுங்கிப் போயிடுது. அப்புறம் நீங்க பாலும் பழமும் தின்னாலும் மேல வழிஞ்சி ஓடிடும், உள்ள ஏறாது."

வைட்டமின் பற்றிச் சொல்வதற்கு கேரட். சீவிய கேரட்டைக் கொஞ்சம் ஒரு டம்ளர் தண்ணீரிலும், கொஞ்சம் காய்ச்சிய எண்ணெயிலும் போடுவார். தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். எண்ணெய் சிவந்துவிடும். "பாத்தீங்களா? கேரட்டுல, கீரையில இருக்கற கண்ணு சத்து எண்ணெயில சவாரி பண்ணித்தான் குடலுக்குள்ள போகும். பித்தநீர் சோப்பு மாதிரி அந்த எண்ணெய உடைச்சி உடைச்சிப் பொடியாக்கிக் குடுக்கும், குடல் உறிஞ்சிக்கும். எண்ணெய் உள்ள போனா சத்தும் உள்ள. எண்ணெய் வெளிய வந்துட்டா சவாரியும் வெளிய." பி, சி வகையறாவெல்லாம் தண்ணீர் கோஷ்டி என்பார். அரிசி கழுவின தண்ணீரிலேயே பாதி போய்விடும் என்று சமையல்கட்டுப் பெண்களைத் திட்டுவார்.

எண்ணெய் மில்லிலிருந்து வந்தவன் என்பதால் இந்தப் பாடம் எனக்குச் சுலபமாக மனதில் நின்றது.

வெளியூர் வேலையில் பட்ட பாடு தனி. ஒரு முறை கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மடியில் பை, பைக்குள் டப்பா. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாங்க, மூடி கட்டி, துணி சுத்தி, மடியில வச்சினு வரீங்க? பலகாரமா?"

நான் தலையாட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். ஆனால் பஸ் குலுங்கியதில் அது ஆமாம் என்று விழுந்துவிட்டது.

"சம்மந்தி ஊட்லருந்தா? ஒண்ணு குடுக்கறது!"

பக்கத்தில் இருந்த அம்மா, "பாவம், அவுரு புள்ளைங்களுக்கு எடுத்துனு போறாரு, வுடுய்யா" என்று எனக்காகப் பரிந்து பேசினார். திருவண்ணாமலை வரும்வரை நான் நிமிரவில்லை.

கூச்சமே இல்லாத ஒருவரையும் பார்த்தேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர். பச்சை இலையும் பழமும் தவிர எதையும் தொடமாட்டார். பால்கூடக் கிடையாது. நாக்கு புண்ணாகி, கால் மரத்துப்போய் வந்தார். காலையில் போனால் வராந்தாவில் காபி குடிக்கிறவர்கள் நடுவில் எழுந்து வந்து, டப்பாவை இரண்டு கையாலும் தாம்பூலம் கொடுக்கிற மாதிரி நீட்டி, "வணக்கம்! இன்னைக்கு ரொம்ப நல்லா வந்தது!" என்று தமிழில் கத்துவார். யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவருடைய குடலில் கோளாறு ஒன்றும் இல்லை. அவருக்குக் குறைந்த வைட்டமின் இலையிலும் பழத்திலும் கிடையாது, பாலில், மீனில், கறியில் இருப்பது. அதற்கு ஒரு விசித்திரமும் உண்டு. இரைப்பையிலிருந்து ஒரு ஆள் கூடவே துணைக்குப் போக வேண்டும், அப்போதுதான் குடலின் கடைசி வாசலில் உள்ளே விடுவார்கள் என்று டாக்டர் சொன்னார். "இவருக்குத் துணை ஆள் ரெடியா நிக்கறான். வர வேண்டிய விருந்தாளிதான் வரல." ஊசி போட்டு, தயிர் சாப்பிட வைத்து அனுப்பினார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மிக்ஸி என்கிற பொருளை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் லேபில்தான். மூன்று நாள் சேர்ந்ததை ஒன்றாகக் கலக்கி அரைக்க வாங்கியது. அதற்குப் பல வருஷம் கழித்து என் மனைவி, "தெருவுல எல்லார் ஊட்லயும் மிக்ஸி வந்துடுச்சி, நமக்குத்தான் இல்ல" என்றாள். காரணத்தைச் சொன்னேன். அம்மியைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம் கேட்கவேயில்லை.

இனி கன்னியம்மாள் விஷயம். எண்பதுகளின் தொடக்கத்தில், கார்த்திகை மாதம் பிறந்திருந்த சமயம். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். மல்லாட்டை, நெல் போடுகிற குடும்பம். இருபத்தைந்து வயசு இருக்கும், ஆனால் தோளில் எலும்பு துருத்திக்கொண்டு நாற்பது வயசு மாதிரி இருந்தாள். பல மாதமாக வயிற்றுப்போக்கு. நாக்கு வெந்துபோயிருந்தது. இதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் வந்தது கண்ணுக்காக.

"பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியலிங்க. கன்னுக்குட்டி மேல போயி முட்டிக்கிறேன். ஊட்ல சிரிக்கறாங்க. சிரிச்சிட்டுப் போறாங்க, அது இல்ல. எம் பொண்ணு வெளக்கு வைக்கற நேரத்துல கைய தூக்கினு ஓடியாருது. சத்தம் வருது. மொகம் தெரியல."

மாலைக்கண். ஏற்கெனவே இரண்டு முறை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வைட்டமின் ஏ ஊசி போட்டுக்கொண்டு, மாத்திரையும் வாங்கிக்கொண்டு போனவள். ஊசி போட்டால் கொஞ்ச நாள் பார்வை திரும்பும், பிறகு போய்விடும். கீரை தின்கிறாயா என்றால் தினம் முருங்கைக்கீரைதான் என்றாள். வார்டு சிஸ்டர் நம்பவில்லை. அவர் நல்லவர், ஆனால் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்பது அவருடைய கட்சி. "சார், இது மாத்திரைய எங்கியோ போட்டுட்டு வந்து நிக்குது" என்றார்.

டாக்டர் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை விழியில் சோப்பு நுரை மாதிரி திட்டு. இப்படியே விட்டால் பகல் பார்வையும் போய்விடும் என்று எங்களிடம் தனியாகச் சொன்னார். "எண்ணெய் குடல்ல ஏறலன்னு எனக்குத் தோணுது. அப்படின்னா ஊசி மட்டும் போட்டுனு இருந்தா பிரயோசனம் இல்ல, குடலைச் சரி பண்ணணும். ஏறுதா இல்லியான்னு பாத்துடுவோம். மூணு நாள் டப்பா போடுங்க."

மூன்று நாள் டப்பா என்பது எங்கள் லேபின் பெரிய பூஜை. அந்த மூன்று நாளும் நோயாளியின் சாப்பாட்டில் எண்ணெய் சேர்க்கமாட்டோம். இட்லி, சோறு, ரசம், வேகவைத்த காய். கொழுப்பு எல்லாம் நெய்யாக, அளந்து, ஒவ்வொரு வேளையும் தனிக் கிண்ணத்தில் உருக்கிக் கொடுப்போம். உள்ளே போனது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். தொடங்கும்போது ஒரு கரி மாத்திரை. கறுப்பாக வெளியே வந்தால் டப்பா ஆரம்பம். முடியும்போது இன்னொரு கரி மாத்திரை. மறுபடியும் கறுப்பு வந்தால் மூடிவிடுவோம். நடுவில் ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது. வந்ததையெல்லாம் அரைத்து, கொதிக்கவைத்து, கொழுப்பைப் பிரித்து எடுப்பது டெக்னீஷியன் பாஸ்கர் வேலை. உள்ளே போன நெய்யில் பெரும்பங்கு வெளியே வந்தால் குடல் கெட்டுப்போயிருக்கிறது. கொஞ்சமே வந்தால் குடல் நல்லது.

கிண்ணங்கள் காலியாகத் திரும்பி வந்தன. டப்பாவும் ஒழுங்காக வந்தது. பாஸ்கர் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "சார், இந்தம்மாவுக்கு என்னைவிட நல்ல குடல். கொழுப்பே இல்ல."

டாக்டர் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். அதே பதில். கிராம்பை நறுக்கென்று கடித்தார். "கண்ணு ஒண்ணு சொல்லுது, டப்பா ஒண்ணு சொல்லுது" என்றார். நான் அப்போதே சொன்னேனே என்பது போல சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் டாக்டர், இன்னொரு ஊசியைப் போட்டு, ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லித் திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். குடல் நன்றாக இருக்கும்போது குடலுக்கு மருந்து கொடுக்க முடியாது அல்லவா.

சனிக்கிழமை காலிச் சாமான்களை எடுத்துவர வார்டுக்குப் போனேன். கன்னியம்மாள் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்க வா. சிஸ்டர் இல்ல இல்ல?"

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தூக்கை எடுத்தாள். மேலே சேலைத் துணி கட்டியிருந்தது. அவிழ்த்தாள். நெய்.

"தீபத்துக்கு மலை மேல நெய் ஊத்தறாங்க இல்ல, அதுக்கு இந்தத் தூக்கு ரொம்பக் குடுக்கறேன்னு வேண்டிக்கினேன் அண்ணே, கண்ணு வரணும்னு. ஊட்ல நெய்க்கு எங்க போறது? இங்க வந்தா வேளா வேளைக்கு அவங்களே குடுக்கறாங்க! ஒரு சொட்டு நான் வாயில வைக்கல. எல்லாம் சாமிக்கு. என்னைத் திங்கக்கெழம அனுப்பிடுவாங்களாம். எங்கூட்டுக்காரு தீபத்தன்னிக்கி வரமாட்டாரு, அறுப்பு கீது. நீ கோயில்ல குடுத்துடு அண்ணே." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டாக்டரு கிட்ட சொல்லாத" என்றாள்.

நான் வாயே திறக்கவில்லை. திறக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். தூக்கு என் கைக்கு வந்துவிட்டது.

நான் அண்ணாமலையாரைக் கும்பிடுகிறவன். சாமிக்கென்று எடுத்து வைத்ததில் குறுக்கே நிற்கப் பயம். அவள் நம்பிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் இதைச் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அவள் போய்விடுவாள். டாக்டர் காட்டிய எண்ணெய்ச் சவாரி எனக்குத் தெரியும். நெய் குடலுக்கே போகவில்லை என்றால் டப்பாவில் எங்கிருந்து வரும்? வார்டுக்கும் டாக்டர் அறைக்கும் நடுவில் நான் நின்றது கொஞ்ச நேரம்தான். எப்படிச் சொல்வது என்றுதான் நின்றேன்.

உள்ளே போய் தூக்கை மேசைமேல் வைத்தேன்.

டாக்டருக்கு நான் மேசைமேல் வைக்கிற எந்தப் பாத்திரமும் ஒரே வகைதான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை நான்காக மடித்தார். ஒரு விரலால் எதிர்ப்பக்கமாகத் துணியைத் தூக்கினார். காற்றை மூக்குப் பக்கம் தள்ளினார். நின்றுவிட்டார். இன்னொரு முறை தள்ளினார்.

"ஏழுமலை, இது யாரோடது?"

"கன்னியம்மாளோடது சார்."

"இப்படி வாசனையா வந்துதுன்னா அந்தம்மாவ வார்டுல வச்சிருக்கக் கூடாது. கோயில்ல வைக்கணும்."

அதற்குப் பிறகு நான் பேசியதுதான் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒரே மூச்சில் பேசிய அதிகப் பேச்சு. டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து, என் தோளைத் தொட்டுவிட்டு, தூக்கையும் எடுத்துக்கொண்டு, பாஸ்கரையும் கூப்பிட்டுக்கொண்டு வார்டுக்கு நடந்தார்.

தூக்கைப் பார்த்ததும் கன்னியம்மாள் என்னைத்தான் பார்த்தாள். "சொல்லிட்டியா அண்ணே? வாயில்லாத ஆளுன்னு நம்பிக் குடுத்தனே!"

"என்ன தைரியம்!" என்றார் அதற்குள் வார்டுக்குத் திரும்பியிருந்த சிஸ்டர்.

"சிஸ்டர், கிண்ணம் காலியா வந்துச்சான்னு பாத்தோம். வயித்துக்குப் போச்சான்னு நாம பாக்கல" என்ற டாக்டர், கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, நெய் சாப்பிடாம இருந்த நாள்ல வயிறு எப்படி இருந்துச்சி?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அத்த ஏன் கேக்கறீங்க! எத்தினி மாசமா கலக்கினு இருந்த வயிறு, நெய்ய எடுத்து வைக்க ஆரம்பிச்ச நாளுலருந்து அடங்கிப்போச்சி. சாமி ஏத்துக்கினாரு பாருங்க!"

டாக்டர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். வார்டே திரும்பிப் பார்த்தது. "கேட்டீங்களா பாஸ்கர்? கொழுப்ப நிறுத்தினா வயிறு அடங்குது. நமக்கு முன்னாடி சாமி டெஸ்ட் பண்ணிட்டாரு. இப்ப நாம திரும்பப் பண்ணணும். அம்மா, இந்தத் தடவ நீங்க நெய்யச் சாப்பிடணும்."

"சாமிக்கு வேண்டிக்கினு நான் துன்றதா? கண்ணு இருக்கறதும் போயிடும்."

"சாமிது சாமிகிட்டயே போகட்டும். இதுல ஒரு சொட்டு எடுக்கமாட்டோம். ஏழுமலை கொண்டுபோய்க் குடுப்பாரு. உங்களுக்கு வேற நெய்."

அவள் தூக்கை எட்டிப் பார்த்தாள். "ரொம்பலியே. தூக்கு ரொம்பன்னு இல்ல வேண்டிக்கினேன்?"

டாக்டர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தூக்கில் எவ்வளவு குறை என்று பார்த்தார். "மிச்சத்த நான் ரொப்பறேன். உங்க சாமிக்கு ஆட்சேபணை இல்லியே?"

"உங்க சாமிக்கு?" என்று கேட்டாள் கன்னியம்மாள்.

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அன்றைக்கே கடைத்தெருவில் நெய் வாங்கி வரச் செய்து, தூக்கு விளிம்பு வரை ஊற்றினார். அதை நான் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கொடுத்தது யார் பேரில் என்று கேட்டார்கள். கன்னியம்மாள் பேரைச் சொன்னேன். டாக்டர் பேரையும் சேர்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. அவரைக் கேட்காமல் சேர்க்கக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் டப்பா தொடங்கியது. இந்த முறை சிஸ்டர் ஸ்டூல் போட்டு எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு கிண்ணமும் வாய்க்குள் போகிறவரை பார்த்தார். மறுநாளே கன்னியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா அண்ணே, சாமி கோவிச்சிக்கினாரு" என்றாள். நான் டப்பாவை வாங்கினேன். மூடியை மீறி வந்த நாற்றத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளுத்து, நுரைத்து, எண்ணெய் மினுக்கிக்கொண்டு இருந்தது. அப்படி ஒரு நாற்றத்துக்கு நான் அதற்கு முன் சந்தோஷப்பட்டதில்லை. லேபுக்கு ஏறக்குறைய ஓடினேன்.

பாஸ்கர் மூக்கைப் பிடித்துக்கொண்டே கொழுப்பைப் பிரித்தார். சாப்பிட்ட நெய்யில் பெரும்பங்கு குழாயில் மஞ்சளாக நின்றது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஸ்ப்ரூ" என்றார். துண்டின் நூல் மழுங்கிப்போகிற நோய்க்கு அதுதான் பேர். அன்றே வைட்டமின் ஊசி, குடலில் இருக்கிற கிருமிக்கு காப்ஸ்யூல், நூல் திரும்ப முளைக்க ஃபோலிக் ஆசிட் மாத்திரை எல்லாம் ஆரம்பமாயின. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது, கீழ்பென்னாத்தூருக்கு ஏழுமலை வந்து பார்ப்பார் என்று சொன்னார்.

தீபத்தன்று அவள் வார்டில்தான் இருந்தாள். சாயங்காலம் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். ஊரே கூரைமேல் நின்றது. மலை உச்சியில் சுடர் எழும்பியதும் நாலா பக்கமும் அரோகரா. கன்னியம்மாள் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"தெரியுதாம்மா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"தெரியுது. மலையத்தான் காணோம். ஆகாசத்துல தொங்குது." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதுல எங்க தூக்கு நெய்யும் கீது இல்ல?" என்றாள்.

"இருக்கு" என்றார் சிஸ்டர். இறங்கும்போது ஒவ்வொரு படியாகச் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

மருந்து வேலை செய்தது. நான் மாதா மாதம் போய் டப்பா வாங்கி வருவேன். போகப்போக டப்பா எடை குறைந்தது, அவள் எடை ஏறியது. டாக்டர் மூடியைத் தூக்கிவிட்டு, "மிதக்கல. நுரை இல்ல. நாத்தம், எல்லாருக்கும் இருக்கற நாத்தம்தான்" என்று சொன்ன மாதத்தோடு நான் போவது நின்றுவிட்டது. ஆனால் கண் எப்படி இருக்கிறது என்று நான் நேராகப் பார்த்ததில்லை. நான் போவது பகலில்தானே.

அடுத்த வருஷம் ஆடி மாதமோ என்னவோ, வேறு ஊரிலிருந்து டப்பாவோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பொழுது சாய்ந்துவிட்டது. கரண்ட் இல்லை. கடைகளில் இன்னும் விளக்கு ஏற்றவில்லை. கீழ்பென்னாத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கன்னியம்மாள். அடையாளமே தெரியாத அளவுக்குத் தேறியிருந்தாள். முழங்கால்களுக்கு நடுவில் மகளைப் பிடித்து உட்காரவைத்துக் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். அத்தனை பேர் முன்னால் போய் என்ன பேசுவது? இந்த இருட்டில் தெரியாது என்று தூணுக்கு அந்தப் பக்கமாக நகர்ந்தேன்.

"டப்பா அண்ணே! எங்க நழுவற?"

பஸ் ஸ்டாண்டே திரும்பியது.

"இவுருதான்டி! நான் சொல்லல? என்னுத மாசா மாசம் பஸ்ஸுல வச்சி எடுத்துனு போவாரே, அந்த அண்ணன்!"

பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு கிழவி என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. எதையாவது பேசியாக வேண்டும் என்று, "கண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

கன்னியம்மாள் மகளின் தலையை என் பக்கம் சாய்த்து, ஒரு முடியைப் பிரித்து இரண்டு விரலால் இழுத்தாள். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"தெரியலியா உனக்கு?" என்றாள். "ஈரு அண்ணே! பேன் இல்ல, ஈரு!"

"வுடும்மா, வலிக்குது" என்று அந்தப் பெண் கத்தியது. அவள் விடவில்லை. மகளின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி முகத்தை ஒரு முறை பார்த்தாள், மறுபடி தலையைக் குனியவைத்தாள். பஸ் வரும்வரை தேடிக்கொண்டே இருந்தாள்.